கடைகளுக்கு நாள் குறிப்பவர்

ஜெகதீஸ்வரன் கடைக்குள் நுழைந்ததும் சரக்கைப் பார்ப்பதில்லை, கூரையைப் பார்ப்பார். ஏசி எத்தனை ஓடுகிறது, எத்தனை சும்மா இருக்கிறது, எந்த மூலையில் விளக்கை அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று அண்ணாந்தபடியே ஒரு நடை. அப்புறம் அலமாரியில் முதல் வரிசைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவுவார். பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பின்னால் இன்னொரு பிஸ்கட் பாக்கெட் தட்டுப்பட்டால் முகம் வாடிவிடும். வெறும் தகரம் தட்டுப்பட்டால் போதும், மனிதருக்கு உற்சாகம் பிறந்துவிடும். "முன்னாடி பல்லு, பின்னாடி பொக்கை" என்று மீசைக்குள்ளேயே சொல்லிக்கொள்வார். அடுத்து கழிவறை. அவசரத்துக்குப் போகிறார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். கை கழுவும் சோப்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போகிறார்.

இந்த ஆராய்ச்சிக்குப் பிழைப்பு ஒரு காரணம். போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்புறம் அவருக்கு ஒரு குடோன் உண்டு. இழுத்து மூடிய கடைகளிலிருந்து வந்த ரேக்குகள், பில் போடும் மேஜைகள், சக்கரம் இழுக்கும் தள்ளுவண்டிகள், துணிக்கடைப் பொம்மைகள் எல்லாம் அங்கே கூரை முட்ட நிற்கும். புதிதாகக் கடை திறக்கிறவர்கள் வந்து பேரம் பேசி அள்ளிக்கொண்டு போவார்கள். விடியற்காலையில் தக்காளி இறக்க வரும் லாரிக்காரர்கள், ஜன்னல் வழியாகத் தெரியும் மொட்டைத் தலைப் பொம்மைகளைப் பார்த்துப் பதறி, பிறகு சிரித்து, பிறகு பழகிப்போனார்கள். ஒருவர் தினமும் கை காட்டிவிட்டுத்தான் வண்டியைத் திருப்புகிறார்.

கடை மூடப்போகிறது என்று பேப்பரில் வந்த பிறகு போனால் இவரைப் போல் இன்னும் பத்துப் பேர் வாசலில் நிற்பார்கள். போர்டைக் கழற்றும் முன்பே போய் நிற்கிறவருக்குத்தான் நல்ல ரேக். அதற்காகப் பழகிய கண், காலப்போக்கில் பித்தாகிவிட்டது. ஹைதராபாத்தில் எந்தக் கம்பெனி அடுத்தது, எத்தனை கிளை போகும், தசராவைத் தாண்டுமா, சங்கராந்தி வரை இழுக்குமா என்று கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டை மறந்துவிட்டுப் பேசுவார். கூப்பிட்டால் கல்யாண வீட்டில் பந்தியிலிருந்தே எழுந்து வந்துவிடுவார்.

"பில்லுக்கு அஞ்சு கவுண்டர் போட்டு ஒண்ணுதான் தொறந்திருக்கா? பரவால்ல, ஒடம்பு சரியில்ல, அவ்ளோதான். சங்கராந்திக்கு அச்சடிச்ச பையில ஆடி மாசம் சாமான் போட்டுத் தர்றானா? ஐசியூ. பொம்மைக்குக் கை போயி, புதுக் கை மாட்டாம நிறுத்தியிருக்கானா? கதம், முடிஞ்சிச்சு!"

பாட்டனார் காலத்தில் வேலூரிலிருந்து செகந்திராபாத் கண்டோன்மென்ட்டுக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். தமிழ் வேலூர்த் தமிழ்தான். ஆனால் ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', எதற்கு என்பதற்கு 'கைக்கு' எல்லாம் கேட்காமலே வந்து ஒட்டிக்கொள்ளும். ஊரிலிருந்து யாராவது உறவினர் வந்தால் இவர் பேசுவதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே என்று இவரும் சேர்ந்து சிரிப்பார்.

மாலையில் செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு எதிரே ஓர் இரானி ஹோட்டலில் அவருக்கு ஓர் இருக்கை உண்டு. எதிர் இருக்கை, கூரியர் கிளை நடத்தும் ஆண்டனிக்கு. சுற்றி இன்னும் இரண்டு மூன்று பேர், வருகிறவர் வருவார், போகிறவர் போவார். டீயைக் குடித்து முடித்ததும், தீர்ப்பு ஏதாவது இருந்தால் ஜெகதீஸ்வரன் கோப்பையைச் சாசரின்மேல் தலைகீழாகக் கவிழ்ப்பார். உடனே மேஜை அமைதியாகிவிடும். பிறகு ஆண்டனி மெதுவாக "எது பாய்?" என்று கேட்பார். இவர் கம்பெனியின் பெயரைச் சொல்வார். "ஜெகதீஷ் பாய் கப்பைக் கவுத்துட்டார்" என்றால் அந்த வட்டாரத்தில் அர்த்தமே வேறு.

எல்லாம் பலித்துவிடவில்லை. ஒரு செருப்புக் கம்பெனிக்கு நாள் குறித்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. அது அமீர்பேட்டில் மாடி மேல் மாடி கட்டிக்கொண்டு போகிறது. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் ஜெகதீஸ்வரன் மெட்ரோ தூணின் மறுபுறமாக நடப்பார். ஆண்டனி வேண்டுமென்றே அந்தக் கடைச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து, காலை மேஜைக்கு வெளியே நீட்டி உட்காருவார்.

அல்வாலில் அவர் குடியிருக்கும் காலனிக்கு அவரால் கிடைத்த பெரிய உபகாரம், கிஃப்ட் கார்டு வைத்தியம். கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் வருகிற கார்டுகளையெல்லாம் பெண்கள் அவரிடம்தான் கொண்டுவந்து நீட்டுவார்கள். அவர் கடைப்பெயரைப் பார்த்து, "இது மெதுவா வாங்கிக்கலாம்", "இது இந்த வாரமே போ" என்று பிரித்துக் கொடுப்பார். அவர் மட்டும் வாழ்க்கையில் ஒரு கார்டு வாங்கியதில்லை. "கார்டு நக்கோ. கடை ஓடிட்டா அது வெறும் பிளாஸ்டிக். பல்லு குத்தக்கூட ஆவாது."

பிணம் தின்னிக் கழுகு என்று அவரை நினைத்துவிடக் கூடாது. ரேக் வாங்கப் போன இடத்தில், வேலை போகப்போகிற பையன்களையும் பெண்களையும் ஒரு கண் பார்த்து வைத்துக்கொள்வார். அந்த ரேக் எந்தப் புதுக் கடைக்குப் போகிறதோ அந்த முதலாளியிடம், "ரேக்கை மாட்டத் தெரிஞ்ச ஆளையும் சேர்த்து எடுத்துக்கோ" என்று தலையில் கட்டிவிடுவார். குகட்பள்ளியில் இப்போது சூப்பர்வைசராக இருக்கும் ஒரு பெண், ஒவ்வொரு ரம்ஜானுக்கும் அவர் வீட்டுக்குப் பாத்திரம் நிறையப் பாயசம் அனுப்புகிறாள்.

மனைவி பத்மஜா அவரோடு கடைக்குப் போவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. "நைட்டி எடுக்கப் போனா இவரு ரேக்குக்கு அடியில படுத்து திருகாணியப் பாக்குறாரு. செக்யூரிட்டி வந்து என்னைக் கேக்குறான்" என்பாள். பிள்ளைகள் இரண்டும் வேலைக்கென்று வெளியூர் போய்விட, வீடு சத்தமில்லாமல் ஆனதும், ஐம்பது தாண்டிய பத்மஜா யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். காலனியிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த 'இந்திரதனுஸ்' கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். துணி, பாத்திரம், வீட்டுச் சாமான் எல்லாம் விற்கும் கம்பெனி. நகரத்தில் பல இடங்களில் கிளை. ஒரு வருஷத்துக்குள் மாடித் தளம் முழுவதற்கும் அவளையே இன்சார்ஜ் ஆக்கினார்கள். கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு அவள் வாசலில் செருப்பைத் தேடும்போது, ஜெகதீஸ்வரன் குனிந்து எடுத்துப் போடுவார். அதில் அவருக்குச் சொல்ல முடியாத ஒரு பெருமை.

போன ஆடி மாதம், அவளைக் கூட்டிக்கொண்டு வரலாமென்று ஒரு மத்தியானம் அந்தக் கடைக்குப் போனார். பத்மஜா சாப்பிடப் போயிருந்தாள். காத்திருக்கிற நேரத்தில் கூரையைப் பார்த்தார். பாதி ஏசி ஓடவில்லை. குழந்தைகள் துணிப் பக்கம் இருட்டாக இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே அலமாரியில் கையை விட்டார். தகரம். கழிவறைக்குப் போனார். சோப்பு தண்ணீராக ஓடியது. பில் மேஜையில் சங்கராந்தி வாழ்த்து அச்சடித்த பை. புடவை கட்டி நின்ற நான்கு பொம்மைகளில் மூன்றுக்குக் கைகளே இல்லை.

இத்தனை அறிகுறிகளை ஒரே கூரையின்கீழ் அவர் பார்த்ததே இல்லை. வேறு கடையாக இருந்தால் அன்று இனிப்பு வாங்கியிருப்பார். பத்மஜா சிரித்துக்கொண்டே படியேறி வந்து, "பாத்தீங்களா என் புளோர?" என்று கேட்டபோது, "ஹவ், ஜோரா இருக்கு" என்றார்.

மறுநாள் டீ முடிந்ததும் கை தன் பாட்டுக்குக் கோப்பையிடம் போனது. பாதி கவிழ்த்தவர் சட்டென்று நிமிர்த்தி வைத்தார். ஆண்டனியிடமா அது செல்லும்?

"எது பாய்?"

"ஒண்ணுமில்ல."

"கை போச்சே. எதுன்னு சொல்லு."

"இந்திரதனுஸ்" என்றார் குரலைத் தாழ்த்தி. "தசரா வரைக்கும் தாங்காது. வீட்டுல சொல்லல. நீயும் யார்கிட்டயும் மூச்சு விடாத."

ஆண்டனி யாரிடமும் சொல்லவில்லை. மனைவி அன்னம்மாளிடம் மட்டும் சொன்னார். அன்னம்மாளும் யாரிடமும் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நின்றுகொண்டிருந்த நாலைந்து பேரைத் தவிர.

அந்த வாரம் பத்மஜா வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, "கூட்டம்னா கூட்டம். போன மாசம் ஆஷாடம் தள்ளுபடிக்குக்கூட இப்பிடி வரல" என்று பூரித்தாள். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவளுக்கு ஏதோ உறுத்தியது. வருகிறவர்கள் அளவு கேட்கவில்லை, நிறம் கேட்கவில்லை. பெட்ஷீட்டைக் கத்தை கத்தையாக அள்ளினார்கள். கல்லாவிலோ ரொக்கம் இல்லை. எல்லோரும் நீட்டியது கிஃப்ட் கார்டு. அன்னம்மாள் மூன்று குக்கரோடு வரிசையில் நின்றிருந்தாள்.

"அக்கா, ரெண்டு பேரு இருக்கிற வீட்டுக்கு மூணு குக்கர் கைக்கு?"

அன்னம்மாளுக்குப் பொய் வராது. குக்கரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கோச்சுக்காத பத்மா. உங்க வீட்டுக்காரர் கப்பைக் கவுத்துட்டாராம். பொண்ணு கல்யாணத்துக்கு வந்த கார்டு, வீணாப் போயிடுமேன்னு..."

அன்றிரவு ஜெகதீஸ்வரனுக்குத் தோசை வந்தது. சட்னி வரவில்லை. அவர் கேட்கவும் இல்லை. விஷயம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டார்.

"எதை வச்சி சொன்னீங்க?" என்றாள் பத்மஜா. கோபத்தில் கத்துகிறவள் அல்ல. குரல் இறங்கினால்தான் பயப்பட வேண்டும்.

"பாதி ஏசி ஆஃப்ல இருந்துச்சு பத்மா. கிட்ஸ் செக்ஷன்ல லைட்டே இல்ல."

"நான்தான் அணைச்சேன். மத்தியானம் அங்க யாரு வர்றா? ஆளில்லாத எடத்துல ஏசி கைக்கு?"

ஜெகதீஸ்வரன் தோசையைப் பிய்த்தார். "ரேக்குல முன்னாடி மட்டும்தான் சரக்கு..."

"பின்னாடி தள்ளி வச்சா வாங்கறவங்களுக்குக் கை எட்டுமா? நம்ம கிச்சன்ல டப்பாவ எப்பிடி வச்சிருக்கேன்? முன்னாடி இழுத்துதானே?"

"சோப்புல தண்ணி..."

"அடியில பாதி நிக்கும், வராது. ரெண்டு மூடி தண்ணி விட்டு ஆட்டினா இன்னும் நாலு நாள் வரும். நீங்க காலையில கை கழுவினதும் அதானே?"

"சங்கராந்தி பை?"

"நல்ல பை. தூக்கியா போடச் சொல்றீங்க?"

அவர் கடைசிச் சாட்சியைக் கூப்பிட்டார். "பொம்மைக்குக் கை இல்லியே பத்மா!"

"பசங்க புடிச்சி இழுத்து ஒடைச்சிடறாங்க. கழட்டி, துணி சுத்தி, பரண்ல பத்திரமா வச்சிருக்கேன்."

ஜெகதீஸ்வரன் தன் வீட்டுப் பரணை நிமிர்ந்து பார்த்தார். அவர் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் செட் அங்கே துணி சுற்றி இருக்கிறது. உடைந்துவிடும் என்று இதுவரை ஒரு தட்டில்கூடச் சாப்பிட்டதில்லை. அவர் கடையில் பார்த்தது திவாலை அல்ல. முப்பது வருஷமாகத் தன்னோடு குடித்தனம் நடத்துகிற கையைப் பார்த்திருக்கிறார்; அடையாளம் தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே சிரிப்பும் வந்தது. ஆனால் பத்மஜாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"முப்பது வருஷமா இந்த வீட்டுல லைட்டை அணைச்சிட்டு வர்றேன். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. அங்க கரண்ட் பில்லு கொறைஞ்சுதுன்னு கூப்பிட்டு, கை தட்டி, இன்சார்ஜ் ஆக்கினாங்க" என்றாள். "மூணு பிராஞ்சை மூடலாமான்னு மேல பேசிட்டிருக்காங்களாம். நம்மது அதுல இல்ல. இப்ப கார்டா வந்து குவியுது, காசு வரல. ஏரியா மேனேஜர் வெங்கட் சார் சனிக்கிழமை வர்றாரு. எங்களையும் சேர்த்துட்டாருன்னா?"

எழுந்துபோய்ச் சமையலறை விளக்கை அணைத்தாள்.

மறுநாள் ஜெகதீஸ்வரன் இரானி ஹோட்டலில் கோப்பையை நிமிர்த்தி வைத்து, வாழ்க்கையில் முதன்முறையாக, "நான் சொன்னது தப்பு" என்றார். மேஜை நம்பவில்லை. "வீட்டம்மா வேலைக்காகச் சொல்றே" என்றார் ஆண்டனி. பக்கத்து இருக்கைக்காரர், "ரேக்கையெல்லாம் அமுக்கறதுக்குப் பிளான் போடறாரு" என்று கண்ணடித்தார். செருப்புக் கம்பெனிக்காகக்கூட வாபஸ் வாங்காதவர் இதற்கு வாங்குகிறார் என்றால் உள்ளே பெரிய சமாசாரம் இருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. அன்று மாலை இந்திரதனுஸில் கார்டுக் கூட்டம் இன்னும் கூடிவிட்டது. ஊரை நம்பவைத்தவருக்கு, நம்பாமலிருக்க வைக்கத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலையிலேயே சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கடையில் அத்தனை ஏசியும் உறுமிக்கொண்டிருந்தன. பொம்மைகளுக்கெல்லாம் கை முளைத்திருந்தது. வரப்போகிறவருக்குப் பயந்து பத்மஜா எல்லா விளக்கையும் போட்டு வைத்திருந்தாள். அவளுக்கே அந்த வெளிச்சம் பிடிக்கவில்லை என்பது அவள் நெற்றியில் தெரிந்தது. வெங்கட், முப்பத்தைந்து வயது இருக்கும், பில் மேஜைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கார்டாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசை படி வரை நின்றது. அன்னம்மாள் இந்தத் தடவை மிக்ஸியோடு இருந்தாள்.

ஜெகதீஸ்வரன் கூரையைப் பார்க்கவில்லை. அலமாரிக்குள் கையை விடவில்லை. நேரே போய் வரிசையின் கடைசியில் நின்றார். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். கிசுகிசுப்பு மேஜை வரை போயிற்று; என்ன செய்யப்போகிறார் பார்க்கலாம் என்று வரிசையே ஒதுங்கி அவரை முன்னால் விட்டது. அவர் மேஜைக்கு வந்தபோது பில் போடும் பெண் பத்மஜாவைப் பார்க்க, பத்மஜாவே நகர்ந்து வந்து எதிரில் நின்றாள்.

"என்ன வேணும் சார்?"

"கிஃப்ட் கார்டு ஒண்ணு வேணும் மேடம்."

வரிசையில் யாரோ இருமினார்கள்.

"வாங்கணுமா? இருக்கிறதை மாத்தணுமா?"

"வாங்கணும். புதுசு."

"ஒரு வருஷம் செல்லும்" என்றாள் அவள்.

"அதுக்கு மேல செல்லுறது இல்லியா?"

வெங்கட் தலையை நிமிர்த்தினார். இந்த மனிதரை அவருக்குத் தெரியும்; இந்த ஊரில் கடை நடத்துகிற யாருக்குத்தான் தெரியாது? இவர் படியேறினால் மேனேஜர்களுக்கு வயிற்றில் புளி கரையும். "சார், நீங்களா கார்டு வாங்கறீங்க?" என்று தமிழும் தெலுங்குமாகக் கேட்டார்.

"ஹவ். அடுத்த வருஷம் ஆடிக்கு வீட்டுல புடவை எடுக்கணும். இங்கதான் எடுக்கணும்" என்றார் ஜெகதீஸ்வரன், படிவரை கேட்கிற குரலில்.

அன்னம்மாள் தன் கையிலிருந்த மிக்ஸியைப் பார்த்தாள். கார்டைப் பார்த்தாள். ஜெகதீஸ்வரனைப் பார்த்தாள். பிறகு, "வீட்டுல மிக்ஸி நல்லாத்தானே ஓடுது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, மிக்ஸியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கார்டைப் பர்சுக்குள் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களில் இரண்டு பேர் வரிசையை விட்டு விலகி, அவசரமில்லாமல் புடவைப் பக்கம் போய் நிறம் பார்க்க ஆரம்பித்தார்கள். வெங்கட் அதையெல்லாம் கவனித்துக்கொண்டே கார்டுக் கத்தையை மேஜைமேல் வைத்தார்.

பத்மஜா நீட்டிய கார்டை ஜெகதீஸ்வரன் இரண்டு கையாலும் வாங்கி, பர்ஸின் உள்ளறையில் சாமி படத்துக்குப் பின்னால் சொருகினார். "வர்றேன் மேடம்" என்று நகர்ந்தார்.

குழந்தைகள் துணிப் பக்கமாகத்தான் படிக்கு வழி. அங்கே ஒருவரும் இல்லை. விளக்குகள் மட்டும் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. ஜெகதீஸ்வரன் நின்றார். திரும்பி மனைவியைப் பார்த்தார். தூணோரம் இருந்த சுவிட்சைத் தேடி, ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுப் படியிறங்கினார்.